காது கேளாத குழந்தையின் இதயத்தையும் ஒருமுறை பாருங்கள்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கும், அந்த முகாமில் என்னென்ன பரிசோதனை இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மருத்துவக் குழுவினருக்கும்,

முகாமுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று கேட்டு நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் உங்கள் பதில் வந்தது. நான்கே வரி. இது செவித்திறன் முகாம். இதயப் பரிசோதனை இதன் நோக்கத்தில் வராது. தேவைப்படும் பெற்றோர் தனியே மருத்துவரை அணுகலாம். மரபணு நோய்களை முன்கூட்டியே சொல்வது முகாம் அளவில் சாத்தியமில்லை. இந்த நான்கில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

"தேவைப்படும் பெற்றோர்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேவை இருக்கிறது என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

என் மூத்த மகன் பிறவியிலேயே காது கேளாதவன். உங்கள் முகாமுக்கு மூன்று முறை வந்தவன். மூன்று முறையும் காதைப் பார்த்தீர்கள், கருவி கொடுத்தீர்கள், அடையாள அட்டை கொடுத்தீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வயதில் பள்ளி மைதானத்தில் ஓடும்போது விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது. ஒரு நிமிடத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டான். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, இது வலிப்பு என்றார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வலிப்பு மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு, ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன்.

அந்த இரண்டு ஆண்டில் இன்னும் மூன்று முறை விழுந்தான். தெரு நாய் துரத்தியபோது ஒருமுறை. மற்ற இரண்டு முறையும் ஓடிப் பிடித்து விளையாடும்போது. துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது பழக்கம். ஓடினாலோ பயந்தாலோதான் விழுகிறான், தூங்கும்போது ஒருநாளும் வந்ததில்லை என்று அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சுற்றியுள்ள ஊர்களின் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்த நேரம். உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று அவனுடைய காதுக் கருவியைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துவைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் குதித்தான். ஓர் அலை கொஞ்சம் பெரிதாக வந்து மார்பில் அடித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், அப்படியே மடங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீர். அவனுடைய கை அப்போதும் அவன் அப்பாவின் கைக்குள்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். நீரில் மூழ்கி மரணம் என்று எழுதினார்கள். வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் முந்தானை முடிச்சு கைக்குத் தட்டுப்பட்டது. அவனுக்கு ஏழு வயது.

அவனுக்கு ஒருமுறைகூட யாரும் இ.சி.ஜி. எடுக்கவில்லை. முகாமில் எடுக்கவில்லை, மருத்துவமனையில் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. இதில் தேவைப்படும் பெற்றோர் யார்? அவர் தன்னை எப்படி அடையாளம் கண்டுகொள்வார்?

எனக்குத் தெரியவந்தது என் மகளால். அவளும் பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று வயதில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஏற்பாடானது. அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வழக்கப்படி ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் குழந்தைக்கு அண்ணனோ அக்காவோ இருந்து இறந்திருக்கிறார்களா?"

ஒரு தாளைப் பார்த்து அதைக் கேட்க முடிந்தது அவரால்.

அந்தத் தாளை நான் இன்றும் வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு சிறு கட்டம் என்பது 40 மில்லி விநாடி. ஒரு துடிப்பின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை என் மகளுக்கு 15 கட்டம். ஒரு துடிப்பு எழத் தொடங்கியதிலிருந்து இதயம் தன் மின்னூட்டத்தைத் திரும்ப அமைத்துக்கொண்டு ஓயும் வரை உள்ளதை க்யூ.டி. இடைவெளி என்கிறார்கள். அது 11 கட்டம், அதாவது 440 மில்லி விநாடி. துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டால் 568 வருகிறது. சிறுவர்களுக்கு 460ஐத் தாண்டினாலே மருத்துவர் நின்று பார்க்க வேண்டும். கணக்குப் போடத் தெரியாதவர்கூட ஒன்றைக் கவனிக்கலாம்: இரண்டு உச்சிகளுக்கு நடுவே பாதி தூரத்துக்குள் முடிய வேண்டிய அலை, பாதியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. பேரேட்டில் கூட்டல் தவறு கண்ணில் படுவதுபோல் அது எனக்கே தெரிகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் இது கேட்காது. இதயத்தின் அறையிலும் வால்விலும் பழுது இல்லாததால், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவிலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.

இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1957இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகள். நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேளாது, மயங்கி விழுவார்கள், இ.சி.ஜி.யில் க்யூ.டி. நீண்டிருந்தது. அவர்களில் மூவர் 4, 5, 9 வயதில் திடீரென்று இறந்தார்கள். அந்த மருத்துவர்களின் பெயர்தான் நோய்க்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோயுள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். அந்த இரு மருத்துவர்களும் எழுதி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

காதுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். குழுவில் உள்ள மருத்துவர்களுக்கு இது தெரியும்; கேட்டவருக்காகச் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு முறை துடித்ததும் அடுத்த துடிப்புக்குத் தயாராக, பொட்டாசியத்தைச் செல்லுக்கு வெளியே விட வேண்டும். அதற்கான நுண்ணிய வாசல்களில் ஒன்றைக் கட்டும் குறிப்பு 11ஆம் குரோமோசோமில் கே.சி.என்.க்யூ.1 என்ற மரபணுவில் இருக்கிறது. அதே வாசல்தான் உட்காதிலும் வேலை செய்கிறது. அங்குள்ள திரவத்தில் பொட்டாசியத்தை நிரப்புவது அது. அந்தத் திரவம் சரியாக இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் வேலை செய்யா. அந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இரண்டும் பழுதானால் காதும் கேளாது, இதயமும் தாமதமாகவே ஓயும். ஓயாத நேரத்தில் ஓட்டமோ நீச்சலோ திகிலோ வந்து அடுத்த துடிப்பைத் துரிதப்படுத்தினால் தாளம் குலைந்து, இதயம் துடிக்காமல் நடுங்கத் தொடங்கிவிடும். சில நேரம் தானே சரியாகும். அதைத்தான் வலிப்பு என்றார்கள். சில நேரம் சரியாகாது. கே.சி.என்.இ.1 என்ற இன்னொரு மரபணுவின் பழுதாலும் இதே நோய் வரலாம். இரண்டு மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1997 முதல் தெரிந்த விஷயம்.

ஆக, இது காது முகாமின் நோக்கத்தில் வராது என்பது சரியல்ல. மயங்கி விழும் வரை, இந்தக் குழந்தைகளுக்கு இதயத்தில் உள்ள பழுதின் வெளியே தெரியும் ஒரே அடையாளம் காதுதான். அந்த அடையாளத்தோடு அவர்கள் வந்து சேரும் ஒரே இடம் உங்கள் முகாம்.

பிறவியில் காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இதயத்தில் எந்தக் குறையும் இருக்காது. இதைப் படிக்கும் பெற்றோர் பயந்துவிடக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சிலர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வலியில்லாத, ஊசியில்லாத, பத்து நிமிடப் பரிசோதனை சொல்லிவிடும். சென்ற முகாமில் பக்கத்து அறையிலேயே முதியவர்களுக்கு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் மகளோடு வரிசையில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி, மரபணு நோய்களை முன்கூட்டியே சொல்ல முடியாது என்ற உங்கள் வரி. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது.

வயதானவர்களுக்கு வரும் ஒருவகைத் தாளக்கேடு உண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும், பக்கவாதத்துக்குக்கூட இட்டுச் செல்லும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். 2007இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 4ஆம் குரோமோசோமில் அதோடு தொடர்புடைய ஓரிடத்தைக் கண்டார்கள். இன்று அப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கு மேல் தெரியும். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டு உருவானவை. நம் மக்களுக்கு அவை அந்த அளவுக்குப் பொருந்துவதில்லை. அப்படி ஒரு மதிப்பெண்ணை எங்கள் குழந்தைகளுக்குப் போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்டிருந்தால் நீங்கள் மறுத்தது நியாயம்.

நான் கேட்டது அதுவல்ல. இது நூறு இடங்களின் கூட்டுத்தொகை அல்ல, ஒரே மரபணு. என்னிடம் ஒரு பிரதி பழுது, என் கணவரிடம் ஒரு பிரதி பழுது. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு மருத்துவத்தில் எத்தனை நோய்க்கு இருக்கிறது?

அந்த முன்னறிவிப்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். என் மகளுக்குப் பழுது எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உறவினருக்கு முழு மரபணுவையும் தேட வேண்டியதில்லை; அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். எங்கள் குடும்பத்தில் பதினான்கு பேருக்குப் பார்த்தோம். ஆறு பேரிடம் ஒரு பிரதி பழுது. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருந்தால் காது நன்றாகக் கேட்கும். ஆனால் சிலருக்கு க்யூ.டி. நீளும். மரபணுப் பழுது உறுதியானவர்களுக்கும் இ.சி.ஜி. சாதாரணமாகவே இருப்பதும் உண்டு. அதனால்தான் குடும்பத்துக்குள் இ.சி.ஜி.யோடு மரபணுவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆறு பேரில் என் அண்ணன் மகள் ஒருத்தி. பன்னிரண்டு வயது, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறவள், இதுவரை ஒருநாளும் மயங்கியதில்லை. அவளுக்குத் திருத்திய க்யூ.டி. 490 இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், தனியாக நீந்தப் போவதில்லை. அவளைக் காப்பாற்றியது என் மகனின் மரணம் என்று என் அண்ணி சொல்கிறாள். அப்படி ஒரு விலை கொடுத்துத்தான் தெரிய வேண்டுமா?

என் பாட்டியின் தம்பி பதினாறு வயதில் கெடிலம் ஆற்றில் குளிக்கும்போது இறந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். முனி அடித்துவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அவருக்கு என்ன இருந்தது என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பழுது பாட்டியிடமிருந்து என் அம்மா வழியாக எனக்கு வந்திருக்கிறது. பாட்டியிடமிருந்து நேராக அவருடைய கடைசி மகனுக்கு, என் தாய்மாமனுக்கு, வந்திருக்கிறது. அவரைத்தான் நான் மணந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற முகாமின் மேடையில் பேசியவர், சொந்தத்தில் கட்டிக்கொண்டால் இப்படித்தான் பிள்ளைகள் பிறக்கும் என்று மைக்கில் சொன்னார். முன்வரிசையில் தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணந்தவர்கள். உறவுத் திருமணத்தில் ஒரே பழுது இருபுறமும் இருந்து வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதை இளம்பெண்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் திருமணத்துக்கு முன்னால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். நானும் கூட வந்து சொல்கிறேன். ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் சொல்ல வேண்டியது அது அல்ல. உறவுத் திருமணம் அதிகமுள்ள நிலத்தில் இந்த நோய் அதிகம் இருக்கக்கூடும் என்று உங்களுக்கே தெரிகிறது. அப்படியானால் மற்ற ஊர்களுக்கு முன்னால் இங்கே அல்லவா இ.சி.ஜி. தொடங்கியிருக்க வேண்டும்?

நம் மக்களைத் தேடிப் பார்த்தால்தான் நம் மக்களின் நோய் தெரியும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பது தெரியவந்தது. வேறு நாட்டாரின் ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. தகுந்த முன்னேற்பாடுகளோடு காக்ளியர் அறுவை முடிந்தது. காலை, மதியம், இரவு, இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுக்கிறேன். திருத்திய க்யூ.டி. 550ஐத் தாண்டிய குழந்தைகளுக்கு மருந்து மட்டும் முழுக் காப்பு ஆகாது என்பதால், தாளம் குலைந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை நெஞ்சுக்குள் பொருத்துவது பற்றி மருத்துவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை லேமினேட் செய்து பள்ளிப் பையில் ஒன்று, என் பையில் ஒன்று வைத்திருக்கிறோம். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் எல்லாம் அதில் உண்டு. காதில் சீழ், வயிற்றுப்போக்கு என்று போனால் எந்தக் குழந்தைக்கும் எழுதித் தரும் மருந்துகள்தான். நோய் இருப்பது தெரியாத வீட்டில் அவை கேள்வியின்றி உள்ளே போகும்.

என் கோரிக்கைகள் இவை.

அடுத்த முகாமிலிருந்து, பிறவியில் காது கேளாத ஒவ்வொரு குழந்தைக்கும் 12 லீடு இ.சி.ஜி. எடுங்கள். முன்பு வந்துபோன குழந்தைகளையும் கடிதம் எழுதி அழையுங்கள். இயந்திரம் அச்சிடும் எண்ணை மட்டும் நம்பாமல் ஒரு மருத்துவர் கையால் அளந்து கையெழுத்திட வேண்டும். இயந்திரம் தவறக்கூடிய அளவீடு இது.

முகாம் படிவத்தில் மூன்று கேள்விகள் சேருங்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ பயந்தபோதோ குழந்தை மயங்கி விழுந்ததுண்டா? வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறதா? குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்ததுண்டா, நீரில் மூழ்கியது உட்பட? என் மகன் விஷயத்தில் முதல் இரண்டுக்கும் ஆம் என்று எழுதியிருப்பேன்.

க்யூ.டி. நீண்டிருக்கும் குழந்தையைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புங்கள். அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் மரபணுப் பரிசோதனையை அரசுச் செலவில் செய்து, பழுது உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்கள் வழி உறவினர் என்று வரிசையாகப் பாருங்கள். சோதனையில் பொருள் தெளிவாகாத மாற்றங்களும் வரும். அதை விளக்கிச் சொல்ல மரபணு ஆலோசகர் ஒருவர் வேண்டும். தாயைக் குற்றவாளியாக்காமல் பேசத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் வலிப்பு மாத்திரை தொடங்குவதற்கு முன் இ.சி.ஜி. கட்டாயம் என்று உங்களுக்குக் கீழ் வரும் எல்லா மையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சிறுவர்களும் இளைஞர்களும் காரணம் தெரியாமல் இறந்தால் பிரேதப் பரிசோதனையின்போது கொஞ்சம் ரத்தத்தை மரபணுச் சோதனைக்காகப் பாதுகாக்கவும், உடன்பிறந்தோருக்கு இ.சி.ஜி. எடுக்கவும் உரிய துறைகளுக்குப் பரிந்துரை செய்யுங்கள். இந்த நோய் பிரேதத்தில் கண்ணுக்குத் தெரியும் எந்தத் தடயமும் விட்டுச்செல்லாது.

சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு நெஞ்சழுத்த முதலுதவியைக் கற்றுக்கொடுங்கள். 108 வந்து சேரும் வரை அவர்களுடைய கைகள்தான் அந்தக் குழந்தையின் இதயம்.

மாசி மகத்துக்கு முன் அடுத்த முகாம் நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்பாக எழுத்து மூலம் பதில் வேண்டும். மறுப்பதானால், மறுக்கும் மருத்துவரின் பெயரும் காரணமும் அதில் இருக்க வேண்டும். இயந்திரத்துக்கோ ஆளுக்கோ பற்றாக்குறை என்றால் அதையும் எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர் ஒன்பது பேர் அதற்காக அலையத் தயாராக இருக்கிறோம். என் மகனின் நோட்டும் மகளின் முதல் இ.சி.ஜி. தாளும் என்னிடம் இருக்கின்றன. எந்த நாளில் கூப்பிட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய்,
கடலூர் முதுநகர்.